எண்ணப்பட்ட புழுக்களும் எண்ணப்படாத உடல்களும்: தீவனப்பயிர் வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

1

பூச்சிகளைக் கொல்ல வயலில் தெளிக்கப்படும் பொருளுக்குத் தமிழில் மூன்று பெயர்கள் புழங்குகின்றன. பாடப்புத்தகமும் வேளாண்துறைத் துண்டறிக்கையும் அதைப் 'பூச்சிக்கொல்லி' என்கின்றன. இயற்கை வேளாண்மை பேசுகிறவர்கள் தாங்கள் தயாரிக்கும் இலைக் கரைசலைப் 'பூச்சிவிரட்டி' என்கிறார்கள். வயலில் நிற்கிறவர்கள் இரண்டையும் சொல்வதில்லை. 'மருந்து' என்றுதான் சொல்கிறார்கள். 'மருந்தடிச்சாச்சா?' என்று கேட்பதும் அந்த மருந்தைத்தான். கடன் நெருக்கி ஒருவர் செத்துப்போனால் 'மருந்தக் குடிச்சிட்டாரு' என்று சொல்வதும் அதே மருந்தைத்தான். தீர்ப்பதும் தீர்த்துக்கட்டுவதும் ஒரே சொல்லுக்குள் உட்கார்ந்திருப்பதைக் காணத் தெரிதாவிடம் போக வேண்டியதில்லை (பிளேட்டோவின் 'ஃபார்மகான்' குறித்து அவர் எழுதியது இப்பத்திரிகையின் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான்). பக்கத்துத் தோட்டத்துக்குப் போனால் போதும்.

'கொல்லி'யை விட்டு 'விரட்டி'க்கு வந்தது ஓர் அரசியல் நகர்வு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்நகர்வோடு இன்னொரு நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. இரசாயனம் என்றால் நஞ்சு, அந்நியம், கம்பெனி. இயற்கை என்றால் அமுது, நம்முடையது, சனங்களுடையது என்கிற இருமை எதிர்வு. நமது சூழலியல் சொல்லாடல்களில் பெரும்பாலானவை இந்த எதிர்வின் மேல்தான் நிற்கின்றன. இது வரலாற்றின் முன் நிற்குமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சிறு விஷயம். புகையிலைக் கஷாயம் இயற்கையானதுதான். அசுவினிக்கு அதைத் தெளிக்கிற பழக்கம் இரசாயனக் கம்பெனிகளுக்கு வெகுகாலம் முந்தியது. ஆனால் அதிலுள்ள நிக்கோட்டின், தோலில் பட்டாலே உடலுக்குள் இறங்கக்கூடிய கடும் நஞ்சு. ஆகவே 'இயற்கை' என்ற சொல் தன்னளவில் எந்த உத்தரவாதத்தையும் தருவதில்லை. எது, யாருடைய கையில், எப்போது, யாருடைய முடிவின் பேரில் என்ற கேள்விகளை நாம் தனியே கேட்டாக வேண்டும்.

2

இக்கேள்விகளைக் கேட்க நான் எடுத்துக்கொள்ளும் இடம் தீவனப்பயிர். நெல்லைப் பற்றியும் பருத்தியைப் பற்றியும் நம்மிடம் நிறைய எழுத்து இருக்கிறது. மாடு தின்கிற புல்லைப் பற்றி எதுவுமில்லை. இலக்கியத்தில் முல்லைத் திணையே மேய்ச்சலின் திணை என்று பேசுகிற தமிழ்ப் புலமை, தீவனத்தை ஒரு வரலாற்றுப் பொருளாகப் பார்த்ததில்லை. மனிதர் தின்னாததை நாம் பயிர் என்றே எண்ணுவதில்லை போலும்.

பூச்சிக்கொல்லியின் கதையிலோ தீவனப்பயிர் ஓரத்தில் கிடக்கும் விஷயமல்ல. அதற்குக் காரணங்கள் உண்டு. ஒன்று, தீவனத்தில் அடித்த நஞ்சு மாட்டின் வயிற்றோடு நிற்பதில்லை. கொழுப்பில் கரையும் நஞ்சுகள் பாலில் இறங்கும். இரண்டு, தீவனம் விலை குறைந்த பயிர். செலவு பிடிக்கும் நஞ்சைத் திரும்பத்திரும்ப அடிக்க அது கட்டுபடியாகாது. மூன்று, அது அறுக்க அறுக்கத் துளிர்ப்பது. பூச்சி கொஞ்சம் கடித்த இலையை மாடு வேண்டாமென்று சொல்வதில்லை. கடையில் பளபளப்பாக அடுக்கிவைக்க வேண்டிய கத்தரிக்காய்க்கு உள்ள நெருக்கடி அதற்கில்லை. நான்கு, குதிரைமசால் போன்ற பயிர் ஒரே மண்ணில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆகவே புழுவும், புழுவைத் தின்னும் குளவியும், அசுவினியும், அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் அங்கே குடும்பம் நடத்த அவகாசம் இருக்கிறது.

குதிரைமசால் என்று நாம் சொல்வதை அமெரிக்காவில் அல்ஃபால்ஃபா என்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கலிபோர்னியாவின் குதிரைமசால் வயல்களில் நடந்தவற்றிலிருந்துதான் இன்று உலகம் முழுக்க வேளாண் கல்லூரிகளில் ஓதப்படும் 'ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை' என்ற கருத்து உருவானது. ஆனால் அந்தக் கதை அங்கே தொடங்கவில்லை. ஜப்பானில், ஒரு பட்டுப்புழுத் தட்டில் தொடங்குகிறது.

3

1901-ல் இஷிவாத்தா ஷிகெதானே என்கிற ஜப்பானிய ஆய்வாளர், பட்டுப்புழுக்கள் திடீரென்று சுருண்டு சாகும் நோய் ஒன்றுக்கு ஒரு பாக்டீரியா காரணம் என்று கண்டார். அந்த நோய்க்கு 'சொட்டோ' என்று பெயர். திடீரென்று மயங்கி விழுதல் என்று பொருள். பத்தாண்டுகள் கழித்து, 1911-ல், ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்து மாவு ஆலை ஒன்றிலிருந்து வந்த செத்த புழுக்களில் எர்ன்ஸ்ட் பெர்லினர் அதே வகைப் பாக்டீரியாவைக் கண்டார். 1915-ல் அவர் வைத்த பெயர்தான் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். நமக்கெல்லாம் 'பி.டி.' என்ற இரண்டெழுத்தாக அறிமுகமானது.

இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பட்டுத் தட்டில் செத்தது வருமானம். அங்கே பாக்டீரியா கொள்ளைநோய். மாவு ஆலையில் செத்தது திருட்டுப் புழு. அங்கே அதே பாக்டீரியா உபகாரி. முசுக்கொட்டை இலையைத் தின்னும் புழு 'வளர்ப்பு', மாவைத் தின்னும் புழு 'பீடை'. இரண்டுமே தீவனத்தைத் தின்னும் புழுக்கள்தான். இயற்கை இந்த வேறுபாட்டை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. சொத்துடைமைதான் எழுதி வைத்திருக்கிறது. ஜப்பானில் பி.டி. தெளிப்புக்கு அனுமதி கிடைக்க வெகுகாலம் ஆனதற்குப் பட்டுத் தொழிலைப் பற்றிய அச்சமே காரணம். ஒரே பொருள் ஒரு நாட்டில் 'இயற்கைப் பூச்சிக்கொல்லி', இன்னொரு நாட்டில் தேசியத் தொழிலுக்கு ஆபத்து.

அது எப்படிக் கொல்கிறது என்பதும் நமக்கு முக்கியம். பாக்டீரியா வித்தாகும்போது தன்னுள் ஒரு புரதப் படிகத்தையும் உருவாக்குகிறது. 1950களின் தொடக்கத்தில் ஹானே என்பவரும் ஆங்கஸ் என்பவரும் இப்படிகத்தையும் அதன் நஞ்சையும் விளக்கினார்கள். புழு இலையோடு சேர்த்துப் படிகத்தைத் தின்றால், காரத்தன்மை மிகுந்த அதன் குடலில் படிகம் கரைந்து, குடற்சுவரில் துளைகள் விழும். புழு உடனே தின்பதை நிறுத்திவிடும். சாக இரண்டு மூன்று நாள் ஆகும். மாட்டுக்கும் மனிதருக்கும் குடலின் அமைப்பு வேறு. படிகம் பற்றிக்கொள்ள வேண்டிய இடம் நம் குடற்சுவரில் இல்லை. வெயில் பட்டால் சில நாட்களில் தெளிப்பு வீரியமிழந்துவிடும். இளம் புழுவிடம்தான் நன்றாக வேலை செய்யும். அதாவது இது காத்திருக்கிற, பார்த்துக்கொண்டிருக்கிற கையைக் கேட்கும் மருந்து. 'அடிச்சுட்டுப் போ' என்கிற மருந்தல்ல.

4

1945-ல் டி.டி.டி. அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. போரில் பேனையும் கொசுவையும் ஒழித்த வெற்றி வீரனாகத்தான் அது வயலுக்குள் நுழைந்தது. குதிரைமசாலிலும் தூவினார்கள். அப்புறம் மாடு தின்றது. அப்புறம் பால் கறந்தார்கள். ரேச்சல் கார்சன் 1962-ல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' இந்தச் சங்கிலியைக் கணக்கோடு காட்டுகிறது: உலர்தீவனத்தில் பத்து லட்சத்துக்கு 7 அல்லது 8 பங்கு டி.டி.டி. இருந்தால், பாலில் 3 பங்கு; அந்தப் பாலிலிருந்து எடுத்த வெண்ணெயில் 65 பங்கு வரை. கொழுப்பைத் திரட்டத் திரட்ட நஞ்சும் திரள்கிறது. வெண்ணெய் திரளும்போது தாழி உடையும் கதை நமக்குத் தெரியும். இங்கே தாழி உடையவில்லை, குடிக்கிறவர் உடம்புதான் தாழியானது.

1949-லேயே அமெரிக்க வேளாண்மைத் துறை கறவை மாடுகள்மீதும் மாட்டுக் கொட்டகைகளிலும் டி.டி.டி. அடிக்கச் சொல்லும் பரிந்துரையைக் கைவிட்டது. நாடு முழுவதற்கும் அதைத் தடைசெய்தது 1972-ல். இந்த 23 ஆண்டு இடைவெளியை நான் திரும்பவும் எடுத்துக்கொள்வேன். இப்போதைக்கு ஒன்று: பால் என்ற ஒற்றைப் பொருள்தான் குதிரைமசால் வயலில் வேறு வழியைத் தேட வைத்தது.

அவ்வயலின் முக்கியப் பீடை ஒரு மஞ்சள் பட்டாம்பூச்சியின் பச்சைப்புழு. பெர்க்லியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்டைன்ஹவுஸ் என்பவர் பூச்சிகளுக்கு வரும் நோய்களையே தனித் துறையாக வளர்த்துக்கொண்டிருந்தார். நோயுற்ற பச்சைப்புழுக்கள் செடியில் தலைகீழாகத் தொங்கி, உடல் கூழாகி வழிவதை வயலில் பார்க்க முடிந்தது. ஒரு வைரஸின் வேலை அது. ஸ்டைன்ஹவுஸும் தாம்ஸனும் 1949, 1950-ல் அவ்வைரஸை எடுத்து வயலில் தெளித்துப் பார்த்து எழுதினார்கள். கார்சன் தம் நூலின் கடைசி அத்தியாயத்தில் அதைக் குறிப்பிடுகிறார்: நோய்கண்டு செத்த ஐந்தே ஐந்து புழுக்களின் உடலில் ஓர் ஏக்கர் குதிரைமசாலுக்குத் தெளிக்கப் போதுமான வைரஸ் இருக்கிறது.

ஐந்து புழு. ஓர் ஏக்கர். இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வயலிலேயே செத்துக் கிடப்பதைப் பொறுக்கி, நசுக்கி, வடிகட்டி, நீரில் கலந்து தெளிக்கலாம் என்றால் அங்கே விற்பதற்கு என்ன இருக்கிறது? இந்தப் புழுவுக்கென்றே ஆன வைரஸ் இது. வேறு பூச்சியிடம் செல்லாது. வயலுக்கு வயல், பீடைக்குப் பீடை தனித்தனியாக வேண்டும். உலகச் சந்தை என்கிற ஒன்று இதற்கு இருக்க வாய்ப்பே இல்லை. குதிரைமசால் புழுவின் வைரஸ் பெரிய சரக்காக மாறவேயில்லை. ஆய்வுக்கூடத்தில் அது தோற்றதால் அல்ல.

சரக்காக மாறியது மற்றது. ஸ்டைன்ஹவுஸ் தம்மிடமிருந்த பி.டி. வளர்ப்பை அதே புழுமீது சோதித்து, 1951-ல் முடிவுகளை வெளியிட்டார். அதற்கு முன்பே ஐரோப்பாவில் மக்காச்சோளத் தண்டுத்துளைப்பான்மீது சோதனைகள் நடந்திருந்தன. 1938-ல் பிரான்சில் ஒரு தயாரிப்பும் வந்திருந்தது. ஆனால் போருக்குப் பிந்தைய பி.டி. தொழிலின் தொடக்கம் குதிரைமசால் வயல்தான். பி.டி.யைப் புழுவின் உடலுக்கு வெளியே, தொட்டியில் நொதிக்கவைத்து வளர்க்க முடியும். பலவகைப் புழுக்களைக் கொல்லும். உலர்த்திப் பொட்டலம் போடலாம். 1950களின் இறுதியில் 'துரிசைட்' என்ற பெயரில் கலிபோர்னியாவிலிருந்தே அது சந்தைக்கு வந்தது. 1961-ல் அமெரிக்காவில் முறைப்படி பதிவானது. ஒரே வயலில், ஒரே புழுவுக்கு எதிராக, ஒரே ஆய்வாளரின் கையில் இரண்டு 'இயற்கை' வழிகள் இருந்தன. எது நொதிகலனுக்கும் பொட்டலத்துக்கும் பொருந்தியதோ அது வளர்ந்தது.

5

ஆனால் குதிரைமசால் வயலின் உண்மையான கண்டுபிடிப்பு வைரஸுமல்ல, பாக்டீரியாவுமல்ல. எண்ணுவது.

1940களில் மைக்கேல்பாக்கரும் ரே ஸ்மித்தும் ஒரு கேள்வியிலிருந்து தொடங்கினார்கள்: புழு இருக்கிறது என்பதாலேயே மருந்தடிக்க வேண்டுமா? பச்சைப்புழுவின் உடலுக்குள் ஒரு சிறு குளவி முட்டையிடும். குளவியின் குஞ்சு புழுவை உள்ளிருந்தே தின்று முடிக்கும். ஆகவே வயலில் வலையை வீசிப் புழுக்களைப் பிடித்து, ஒவ்வொன்றையும் இரு முனையிலும் பிடித்துப் பிய்த்து, உள்ளே வெள்ளையாகக் குளவிக்குஞ்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளவி ஏறிய புழு ஏற்கெனவே செத்ததற்குச் சமம். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒரு வீச்சுக்குக் குளவி ஏறாத புழு சராசரியாகப் பத்துக்கு மேல் இருந்தால் மட்டுமே மருந்து. அறுவடை நெருங்கிவிட்டால் அதுவும் வேண்டாம், அறுத்துவிட்டால் போதும். விவசாயிகள் சேர்ந்து ஒரு பூச்சியியலாளருக்குச் சம்பளம் கொடுத்து இந்தக் கணக்கைப் பார்க்க வைத்தார்கள். மருந்து விற்கிறவனே மருந்து எழுதிக் கொடுக்கும் ஏற்பாட்டிலிருந்து இது முற்றிலும் வேறானது.

1954-ல் புள்ளி அசுவினி என்ற புதிய பீடை அமெரிக்கக் குதிரைமசாலில் தோன்றி, வேகமாகக் கலிபோர்னியாவுக்குள் பரவியது. பாரத்தியான் வகை நஞ்சுகளை அடித்தார்கள். பொறிவண்டுகள் செத்தன, அசுவினி சில ஆண்டுகளிலேயே எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டது. பிறகு என்ன செய்தார்கள் என்பது கவனத்துக்குரியது. மேற்காசியப் பகுதியிலிருந்து மூன்று ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்தார்கள். அசுவினிக்கு நோய் தரும் பூஞ்சையைப் பேணினார்கள். அசுவினி தாங்கும் குதிரைமசால் இரகங்களை விதைத்தார்கள். பொறிவண்டு பிழைக்கிற அளவுக்குக் குறைந்த அளவில் ஓர் இரசாயனத்தையும் அடித்தார்கள். ஆம், இரசாயனத்தையும்தான். 1959-ல் ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் ஆகிய நால்வர் எழுதிய 'ஒருங்கிணைந்த கட்டுப்பாடு' என்ற புகழ்பெற்ற கட்டுரை இவ்வயல்களின் அனுபவத்திலிருந்து பிறந்தது. 'பொருளாதாரச் சேதநிலை' என்று இன்று நம் வேளாண் அலுவலர்கள் சொல்வது அக்கட்டுரையிலிருந்து வருகிறது.

இங்கே இயற்கைக்கும் இரசாயனத்துக்கும் இடையே கோடு கிழிக்கப்படவில்லை. எண்ணி அடிப்பதற்கும் எண்ணாமல் அடிப்பதற்கும் இடையே கிழிக்கப்பட்டது. தமிழில் 'எண்ணுதல்' என்றால் கணக்கிடுவதும் அதுதான், சிந்திப்பதும் அதுதான். அந்த நால்வரின் கட்டுரைக்கு இதைவிடப் பொருத்தமான ஒரு சொல் கிடைக்காது. கொல்வதற்கான முடிவை யார் எடுப்பது, எப்போது எடுப்பது என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. அரசியல் கேள்வி என்று அவர்கள் அதைச் சொல்லவில்லை. நால்வரில் ஒருவரான வான் டென் பாஷ் பிற்பாடு சொன்னார். 1978-ல் பூச்சிக்கொல்லிச் சதியைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அந்த ஆண்டே இறந்தும் போனார்.

இன்னொரு விஷயம். 1960களில் அதே ஆய்வாளர்கள், குதிரைமசாலை வயல் முழுக்க ஒரே நேரத்தில் அறுக்காமல் கீற்றுக் கீற்றாக அறுத்தால், பூச்சிகள் பக்கத்துப் பருத்திக்கு ஓடாமலும் நன்மை செய்யும் பூச்சிகள் அழியாமலும் இருக்கும் என்று காட்டினார்கள். இரண்டு மாடு வைத்திருக்கும் நம்மூர்ப் பெண்கள் குதிரைமசாலை அன்றன்றைக்கு ஒரு பாத்தி, இரண்டு பாத்தி என்றுதான் அறுத்துவருகிறார்கள். 'பார், நம் முன்னோர் அறிவை' என்று உடனே கிளம்ப வேண்டாம். அவர்கள் பூச்சிக்காக அப்படி அறுக்கவில்லை; மாட்டுக்கு அவ்வளவுதான் வேண்டும் என்பதால் அறுக்கிறார்கள். பழைமையின் ஞானம் அல்ல அது, சிறு உடைமையின் நடைமுறை. ஞானம் என்று கும்பிட்டுவிட்டால், அந்தச் சிறு உடைமை இல்லாமல் போகும்போது என்ன போகிறது என்பது நம் கண்ணில் படாது.

6

புழுவை எண்ணினார்கள். குளவியை எண்ணினார்கள். பாலில் நஞ்சை எண்ணினார்கள். யாரை எண்ணவில்லை?

கலிபோர்னியாவின் வயல்களில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் மெக்சிகோக்காரர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும். டி.டி.டி.க்குப் பதிலாக வந்த பாரத்தியான் வகை நஞ்சுகள் பாலில் தங்குவதில்லை, சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால் குடிக்கிறவருக்குப் பாதுகாப்பு. ஆனால் அடிக்கிற நேரத்தில் அவை நரம்பைத் தாக்கும் கொடிய நஞ்சுகள். ஆபத்து நுகர்பவர் உடலிலிருந்து உழைப்பவர் உடலுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். பாலுக்காக 1949-ல் ஓர் அரசுத்துறை தன் பரிந்துரையை மாற்றிக்கொண்டது. தொழிலாளர் உடம்புக்காகத் தொழிலாளர்களே வேலையை நிறுத்த வேண்டியிருந்தது. 1965-ல் டெலானோவில் லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் தொடங்கி, சீஸர் சாவேஸும் டொலரஸ் ஹுவேர்ட்டாவும் வழிநடத்திய சங்கம் சேர்ந்துகொண்ட திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தம் 1970 வரை நீடித்தது. கூலியோடு, எந்த நஞ்சை அடிக்கக் கூடாது என்பதும் அவர்கள் கேட்ட ஒப்பந்தத்தில் இருந்தது. 1949-க்கும் 1972-க்கும் இடைப்பட்ட 23 ஆண்டுகளில் இதுவும் நடந்தது என்பதைப் பூச்சியியல் பாடநூல்கள் எழுதுவதில்லை. தொழிற்சங்க வரலாறுகள் குளவியை எழுதுவதில்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்கிற வாசிப்பு நமக்கு வேண்டும்.

பாலைக் காப்பதும் முழுமையாக நடந்துவிடவில்லை. 1982-ல் ஹவாயின் ஓவாஹு தீவில் பாலில் ஹெப்டாக்ளோர் கண்டுபிடிக்கப்பட்டது. அன்னாசித் தோட்டத்தில் எறும்புக்கு அடித்த நஞ்சு. அன்னாசி இலையை வெட்டிக் கறவை மாட்டுக்குப் போட்டார்கள். மனிதருக்கான பயிரின் கழிவுதான் மாட்டுக்குத் தீவனம் என்றிருக்கும் இடத்தில், தீவனத்தில் மட்டும் நஞ்சைத் தவிர்ப்பது ஏமாற்று. நம்மூரில் வைக்கோலும் சோளத்தட்டையும் கடலைக்கொடியும் பருத்திக்கொட்டையும் அப்படிப்பட்டவைதாம். நம் மாடு தின்னும் தீவனத்தில் பெரும்பகுதி 'தீவனப்பயிர்' அல்ல.

7

பருத்திக்கொட்டை என்றதும் பி.டி. திரும்பி வருகிறது. 1981-ல் ஷ்னெப்ஃபும் வைட்லியும் பி.டி.யின் படிகப் புரதத்துக்கான மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். 1987-ல் பெல்ஜியத்தில் அது புகையிலைச் செடிக்குள் ஏற்றப்பட்டது. 1996-ல் அமெரிக்காவில் பி.டி. பருத்தி வயலுக்கு வந்தது, 2002-ல் இந்தியாவுக்கு.

நொதிகலனில் வளர்ந்த பொடிக்கும் செடிக்குள் ஏறிய மரபணுவுக்கும் புரதம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பார்கள் கம்பெனிக்காரர்கள். இருக்கட்டும். இல்லாமல் போனது எண்ணுவது. தெளிப்பு என்றால் புழு இருக்கும்போது, இளசாக இருக்கும்போது, மாலை வெயில் தாழ்ந்தபின் அடிக்க வேண்டும். இரண்டொரு நாளில் அது போய்விடும். மரபணு என்றால் புழு இருந்தாலும் இல்லாவிட்டாலும் செடியின் இலையிலும் காயிலும் பருவம் முழுக்க நஞ்சு இருக்கும். முடிவு விதைக்கும்போதே, விதைப்பையின் விலையிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. குதிரைமசால் வயல் கற்றுத்தந்த பாடத்துக்கு நேர் எதிரானது இது. அதற்கான விலை பூச்சியிடமிருந்து வந்தது. குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறைப் பி.டி. பருத்தியைத் தாங்கத் தொடங்கிவிட்டதை விற்ற கம்பெனியே 2010-ல் ஒத்துக்கொண்டது. இரண்டு மரபணுப் பருத்தியும் பிறகு அதே வழியில் போயிற்று. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாளில், பி.டி. பருத்தி விளையும் வயல்களில் மருந்தடிக்கப் போன விவசாயிகளும் கூலிகளும் இருபதுக்கும் மேற்பட்டோர் நஞ்சேறிச் செத்தார்கள். மருந்தே வேண்டாம் என்று விற்கப்பட்ட விதை விளைந்த வயலில், மருந்தடித்துச் சாவு. எண்ணப்படாத உடல்கள் என்று நான் சொல்வது இவர்களைத்தான்.

குதிரைமசாலுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். மரபணு மாற்றிய குதிரைமசால் 2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2007-ல் நீதிமன்றம் நிறுத்தியது. வழக்கு 2010-ல் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2011-ல் மறுபடி முழு அனுமதி. அது புழுவைத் தாங்கும் குதிரைமசால் அல்ல. களைக்கொல்லியைத் தாங்கும் குதிரைமசால். புழுவைப் பிய்த்துப் பார்த்து மருந்தைத் தவிர்த்த பயிர், அரை நூற்றாண்டு கழித்து மருந்தைக் குடித்துக்கொண்டு நிற்பதற்கென்றே மாற்றப்பட்டது.

8

நம் பக்கத்துக்கு வருவோம். வேம்பின் கதை நாம் எல்லோரும் அறிந்தது. டபிள்யூ.ஆர். கிரேஸ் கம்பெனிக்கும் அமெரிக்க வேளாண்மைத் துறைக்கும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994-ல் கொடுத்த வேப்பெண்ணெய்க் காப்புரிமை, வந்தனா சிவா முதலியோர் தொடுத்த எதிர்ப்பின் பேரில் 2000-ல் இரத்தானது. மேல்முறையீடும் 2005-ல் தள்ளுபடியானது. அது பெரிய வெற்றி. ஆனால் அவ்வெற்றியை 'நம் வேம்பு நமக்கே' என்ற முழக்கமாக மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். 'நமக்கு' என்பது யார்? வேப்பங்கொட்டை பொறுக்குகிற பெண்களும், அதை வாங்கிப் புட்டியில் அடைத்து விற்கிற உள்ளூர்க் கம்பெனியும் ஒரே 'நாம்' ஆகிவிடுவார்களா? ஐந்து கிலோ வேப்பம் பருப்பை இடித்து ஊறவைத்து நூறு லிட்டர் நீரில் கரைத்தால் ஐந்து சதக் கரைசல். இதற்குக் காப்புரிமை வேண்டாம், கடையும் வேண்டாம். ஆனால் இடிக்க ஒரு கை வேண்டும், அந்தக் கைக்கு நேரம் வேண்டும். அந்த நேரம் யாருடையது, அதற்குக் கூலி உண்டா என்று நமது இயற்கை வேளாண் மேடைகளில் அதிகம் கேட்கப்படுவதில்லை. இரசாயனத்தை நிறுத்தியதும் கூடுகிற வேலை வீட்டுப் பெண்களின் தலையில் விடிகிறது என்றால், அதையும் நாம் 'இயற்கை' என்றே கணக்கெழுதிவிடுகிறோம்.

கலிபோர்னியாவில் சரக்காகாமல் போன வைரஸின் உறவினர்கள் இங்கே இருக்கிறார்கள். பச்சைக் காய்ப்புழுவுக்கும் புகையிலைப் புழுவுக்கும் தனித்தனி என்.பி.வி. வைரஸ்களை நம் வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. அதன் அளவை 'புழுச்சமன்' என்று சொல்கிறார்கள். கொண்டைக்கடலைக்கு ஹெக்டேருக்கு 250 புழுச்சமன். செத்த புழுவே அளவுகோலாக இருக்கிற ஒரு மருந்து உலகத்தில் வேறு எங்கே உண்டு? கிராமத்தில் நாலு பேர் சேர்ந்து தயாரிக்கக்கூடியது இது. விற்க வேண்டுமென்றால் 1968-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும். கலப்படத்தைத் தடுக்கப் பதிவு தேவைதான். ஆனால் அதே பதிவு, பெரிய நொதிகலனுக்கும் கிராமத்து மண்சட்டிக்கும் ஒரே வாசலை வைக்கிறது. இந்த வாசலை யாருக்காக எப்படி மாற்றுவது என்பது, 2010-ல் பி.டி. கத்தரிக்காயை நிறுத்தி வைத்ததற்கு நாம் கைதட்டியதைவிடக் கடினமான, அதனாலேயே அவசியமான வேலை.

ஆகவே 'இது இயற்கையா?' என்ற கேள்வியைக் கொஞ்ச காலத்துக்கு ஒத்திவைக்கலாம் என்பது என் கருத்து. அதற்குப் பதில் கேட்க வேண்டியவை சில: இதை அடிப்பதா வேண்டாமா என்று வயலில் நின்று எண்ணி முடிவெடுப்பவர் யார்? அவருக்கு அதை எண்ண நேரமும் கூலியும் உண்டா? செத்த ஐந்து புழுவைப் பொறுக்கி அவரால் இதைத் திரும்பச் செய்ய முடியுமா, அல்லது ஒவ்வொரு முறையும் கடைக்கு ஓட வேண்டுமா? தெளிப்பானைத் தோளில் சுமப்பவர் உடம்பு, பாலைக் குடிக்கிற குழந்தையின் உடம்புக்குச் சமமாக எண்ணப்படுகிறதா?

இக்கேள்விகளுக்கு விடை சொல்லாத எதையும், அது வேப்பிலையிலிருந்து வந்தாலும் சரி, ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தாலும் சரி, நாம் மருந்து என்று அழைக்க வேண்டியதில்லை.